வாலண்டியரா வெளிநாடு போறீங்களா? "சம்பளமே வாங்கலையே"ன்னு டூரிஸ்ட் விசால கிளம்பிடாதீங்க

மாசத்துக்கு ரெண்டு பேராவது என்கிட்ட கேக்கற கேள்வி இது. "அக்கா, நான் சும்மா சேவை பண்ணத்தானே போறேன், ஒரு பைசா வாங்க மாட்டேன், டூரிஸ்ட் விசா போதும்ல?" பெரும்பாலான நாட்டுல போதாது. இங்கிலாந்துல ஒரு வருஷம், மனவளர்ச்சி குறைபாடு உள்ள பெரியவங்க தங்கியிருக்கற ஒரு இல்லத்துல வாலண்டியரா இருந்துட்டு வந்தவ நான், அதுக்கு முன்னாடி ஒரு தடவ விசா ரிஜெக்ட் ஆகி அழுதவளும் நான் தான், அதனால எனக்கு தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன், இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்கள மனசுல வச்சு எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவா புரிஞ்சுக்கோங்க. நமக்கு "வேலை"ன்னா சம்பளம் வர்ற வேலை. இமிக்ரேஷன் ஆபீசருக்கு அப்படி கிடையாது. நீங்க செய்யற காரியத்த உள்ளூர்க்காரர் ஒருத்தர் செஞ்சா அவருக்கு கூலி குடுக்க வேண்டியிருக்குமா, அதுக்கு பதிலா உங்களுக்கு தங்க இடமோ சாப்பாடோ கிடைக்குதா, இத்தன மணிக்கு வரணும் இத்தன மணி நேரம் செய்யணும்னு கட்டாயம் இருக்கா, இதெல்லாம் பாத்துத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க. ஹாஸ்டல்ல பெட்ஷீட் மாத்தி குடுத்துட்டு ஃப்ரீயா தங்கறது, ஒரு வீட்ல குழந்தைய பாத்துக்கிட்டு மூணு வேளை சாப்பிடறது, பண்ணையில தக்காளி பறிச்சு குடுத்துட்டு ரூம் வாங்கிக்கறது, வாலண்டியருக்கு இடம் பிடிச்சு குடுக்கற வொர்க்கவே (Workaway) மாதிரி சைட்ல இதெல்லாம் வாலண்டியரிங்னு தான் போட்டிருப்பாங்க, ஆனா பார்டர்ல நிக்கறப்ப இதுக்கு பேரு வேலை. 2025ல அமெரிக்கா சுத்திட்டு கனடா போன ஒரு பிரிட்டிஷ் டூரிஸ்ட், வீட்டு வேலை செஞ்சு குடுத்து தங்கறதா சொன்னதுக்கு கனடா உள்ள விடல, திருப்பி அனுப்பினதும் அமெரிக்காவுல ரெண்டு வாரத்துக்கு மேல டிடென்ஷன்ல வச்சிருந்தாங்க. விசாவே தேவையில்லாத பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கே அந்த நிலைமை, நம்ம பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

நம்ம பக்கத்து நேபாளத்துல கூட டூரிஸ்ட் விசால வர்ற வெளிநாட்டுக்காரங்க சம்பளத்தோடயும் சரி சம்பளம் இல்லாமலும் சரி வேலை செய்யக்கூடாதுன்னு தான் விதி. நமக்கு அங்க விசாவே வேண்டாம்ங்கறதால இது நம்ம கண்ணுல படறதில்ல.

சரி, கொஞ்ச நாளைக்கு மட்டும் போய் உதவி பண்ணிட்டு வரேன்னு சொல்றவங்களுக்கு எங்கெங்க வழி இருக்குன்னு பாப்போம். இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசால போறவங்க மொத்தமா 30 நாளுக்கு மிகாம வாலண்டியர் பண்ணலாம், ஆனா அந்த அமைப்பு அங்க சாரிட்டிகள, அதாவது சேவை அமைப்புகள, பதிவு பண்ற சாரிட்டி கமிஷன்ல பதிவானதா இருக்கணும், ஸ்காட்லாந்துன்னா அங்க இருக்கற சாரிட்டி ரெகுலேட்டர்கிட்ட பதிவாகியிருக்கணும். அதோட பயணத்தோட முக்கிய நோக்கம் வேற ஏதாவதா இருக்கணும், சொந்தக்காரங்கள பாக்கறது, ஊர் சுத்தறது அப்படி. லண்டன்ல இருக்கற அண்ணன் வீட்டுக்கு போறீங்க, அங்க வாரத்துல ரெண்டு நாள் ஃபுட் பேங்க்ல அரிசி பருப்பு பிரிச்சு வைக்கறீங்க, அது ஓகே. முப்பது நாளும் அதுக்குன்னே போறேன்னு ஃபார்ம்ல எழுதினா அது சரியா வராது.

ஆஸ்திரேலியாலயும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான், விசிட்டர் விசால சுத்திப்பாக்கறது தான் பிரதானம், வாலண்டியரிங் அதுக்கு ஓரமா இருக்கணும், சாப்பாடு, தங்கற இடம், கைக்காசு செலவு தவிர எதுவும் வாங்கக்கூடாது, அங்க இருக்கறவங்க கூலிக்கு செய்யற வேலையாவும் இருக்கக்கூடாது. கனடாவுல ஒரு சாரிட்டியோட போர்டுல உக்காரறது, ஹெல்ப்லைன்ல போன் எடுக்கறது மாதிரி யாரும் சம்பளம் எதிர்பார்க்காத காரியங்கள வேலைன்னே கணக்குல எடுக்க மாட்டாங்க. ஆனா ஒரு சாரிட்டியில வேலை மாதிரி பொறுப்பு எடுத்து செய்யணும்னா வொர்க் பர்மிட் வேணும். அந்த பர்மிட்டுக்கு எல்எம்ஐஏ, அதாவது உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு அரசாங்கம் பாத்து குடுக்கற ஒப்புதல், தேவையில்லன்னு தனியா ஒரு விலக்கு இருக்கு, ஃபீஸ் 155 கனடா டாலர். பல பேருக்கு இந்த விலக்கு இருக்கறதே தெரியாது, சாரிட்டிக்கே தெரியாம இருக்கறதும் உண்டு, நீங்க எடுத்து சொல்லுங்க.

அமெரிக்காவுக்கு பி1 விசாலயே, அதாவது தொழில் விஷயமா கொஞ்ச நாள் போறவங்களுக்கான விசாலயே, ஒரு வழி இருக்கு. அங்கீகாரம் உள்ள மத அமைப்போ லாப நோக்கம் இல்லாத சேவை அமைப்போ நடத்தற வாலண்டரி சர்வீஸ் ப்ரோக்ராம்ல சேர்றவங்களுக்கு அது. சம்பளம் வாங்கக்கூடாது, செலவுக்கு குடுக்கறத வாங்கிக்கலாம், ஆனா எதையும் விக்கறதோ நன்கொடை கேட்டு வசூல் பண்றதோ கூடவே கூடாது. அந்த அமைப்பு ஒரு லெட்டர் குடுக்கணும், அதுல உங்க பேரு, பொறந்த தேதி, பொறந்த ஊரு, இந்தியாவுல நிரந்தர முகவரி, அமெரிக்காவுல முதல்ல போய் இறங்கற இடத்தோட பேரு முகவரி, எவ்வளவு நாள் வேலை, இவ்வளவும் இருக்கணும். ஒரிஜினல கையிலயே வச்சுக்கோங்க, லக்கேஜ்ல போட்டுடாதீங்க, ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் ஆபீசர் கேப்பாரு. விசா அப்ளிகேஷன் ஃபீஸ் 185 டாலர். இன்டர்வியூல அவங்க பாக்கறது நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னு தான், அதனால இங்க வேலையில லீவு போட்டுட்டு போறீங்கன்னா அதுக்கான லெட்டர், படிச்சுட்டு இருந்தா காலேஜ் லெட்டர், இதெல்லாம் கொண்டு போங்க.

இப்ப நான் நல்லா தெரிஞ்ச இங்கிலாந்து சாரிட்டி வொர்க்கர் விசாவுக்கு வரேன், இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 18 வயசு முடிஞ்சிருக்கணும். அதிகபட்சம் 12 மாசம். ஐஇஎல்டிஎஸ் மாதிரி இங்கிலீஷ் டெஸ்ட் எதுவும் இந்த விசாவுக்கு தேவையில்ல, இத யாராவது கட்டாயம்னு சொல்லி கோச்சிங் காசு கேட்டா நம்பாதீங்க. எல்லாத்துக்கும் அடிப்படை சிஓஎஸ், அதாவது சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப். பேரு தான் சர்டிபிகேட், கையில பேப்பரா எதுவும் வராது, அங்க விசா, இமிக்ரேஷன் பாக்கற அரசு துறையான ஹோம் ஆபீஸோட சிஸ்டம்ல அந்த சாரிட்டி உங்க பேர்ல போடற ஒரு ரெக்கார்ட், உங்களுக்கு ஒரு நம்பர் மட்டும் அனுப்புவாங்க. அந்த நம்பர் குடுக்கற அதிகாரம் லைசென்ஸ் வாங்கின ஸ்பான்சருக்கு மட்டும் தான் உண்டு.

அந்த லைசென்ஸ் இருக்கான்னு நீங்களே பாத்துக்கலாம், யாருக்கும் ஒரு ரூபாய் குடுக்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசாங்க சைட்ல லைசென்ஸ் உள்ள ஸ்பான்சர் லிஸ்ட் பப்ளிக்கா இருக்கு, டவுன்லோட் பண்ணி எக்செல்ல திறந்து, ரூட்னு தலைப்பு இருக்கற நெடுவரிசையில சாரிட்டி வொர்க்கர்னு ஃபில்டர் போடுங்க, ஊர் பேரோட வரிசையா வரும். நான் இடம் தேடினதே இப்படித்தான், அந்த லிஸ்ட்ல இருந்து முப்பது நாப்பது பேர எடுத்து ஒவ்வொருத்தர் வெப்சைட்டா போய் இன்டர்நேஷனல் வாலண்டியர் எடுக்கறாங்களான்னு பாத்து மெயில் போட்டேன், பாதி பேர் பதிலே போடல, அஞ்சு பேர் பேசினாங்க, ஒருத்தர் எடுத்தாங்க. உலகம் பூரா வாலண்டியர் அனுப்பறோம்னு விளம்பரம் பண்றவங்ககிட்ட லட்சக்கணக்குல குடுக்கறதுக்கு பதிலா இந்த வேலைய ரெண்டு வாரம் உக்காந்து செய்யுங்க. சிஓஎஸ் நம்பர விக்கறேன்னு எவனாவது வந்தா அது மோசடி, அந்த நம்பருக்கான கட்டணத்த சாரிட்டி தான் ஹோம் ஆபீஸுக்கு கட்டும், 2025 ஏப்ரல்ல இருந்து அது 55 பவுண்டு தான், அதுக்கு நாலு லட்சம் அஞ்சு லட்சம்னு கேக்கறவன் யாருன்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

என்ன வேலை செய்யலாம்ங்கறதுலயும் ஒரு கட்டுப்பாடு இருக்கு, இதுல நிறைய பேர் சறுக்கறாங்க. அந்த சாரிட்டி எதுக்காக இருக்கோ அந்த சேவையில நேரடியா இறங்கி செய்யற களப்பணியா இருக்கணும். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம்னா அவங்களோட இருந்து சமைக்கறது, வெளிய கூட்டிட்டு போறது, தோட்ட வேலை சொல்லிக் குடுக்கறது. ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாக்கறது, சாரிட்டி ஷாப்ல பழைய துணி விக்கறது, நன்கொடை வசூல் பண்றது, கட்டடம் பராமரிக்கறது இதெல்லாம் இந்த விசாவுக்குள்ள வராது. சம்பளம் சுத்தமா கிடையாது, வர்ற போற செலவு, சாப்பாடு, தங்கற இடம் மாதிரி நியாயமான செலவு மட்டும் குடுக்கலாம். நிரந்தரமா ஆள் வேண்டிய வேலை காலியா கிடக்குன்னு உங்கள அதுல உக்கார வைக்கவும் கூடாது. ஆஃபர் லெட்டர் வந்ததும் இந்த கண்ணோட்டத்துல ஒரு தடவ படிங்க, சந்தேகமா இருந்தா கூச்சப்படாம சாரிட்டிகிட்ட கேளுங்க.

அடுத்தது காசு. விசா ஃபீஸ் 2025 ஏப்ரல்ல 319 பவுண்டா இருந்துச்சு. அதுக்கு மேல அங்க அரசு மருத்துவ வசதிக்குன்னு முன்னாடியே கட்டற ஹெல்த் சர்சார்ஜ், ஆறு மாசத்துக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் 1,035 பவுண்டு. ரெண்டும் சேர்த்தா நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல போகுது, சேவை பண்ண போறவங்களுக்கு இது பெரிய சுமை தான், எனக்கு இதுல வருத்தம் உண்டு. சில சாரிட்டி இத திருப்பி குடுப்பாங்க, முழுசாவோ பாதியோ, முதல் இன்டர்வியூலயே கேட்டுடுங்க, கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு நான் கேக்காம இருந்தேன், அப்படி எதுவும் நினைக்க மாட்டாங்க. ஆறு மாசத்துக்குள்ள அடங்கற விசாவா இருந்து இங்கிருந்தே அப்ளை பண்ணா அந்த சர்சார்ஜ் கிடையாது, டிபி டெஸ்ட்டும் கிடையாது. ஆனா வேலை முடியற தேதிக்கு அப்புறம் 14 நாள் சேர்த்து தான் விசா குடுப்பாங்க, அதனால கரெக்டா ஆறு மாசம்னு தேதி போட்டா கணக்கு தாண்டிடும், அஞ்சு மாசம்னு போடறது நல்லது. சர்சார்ஜ் கட்டாம போறீங்கன்னா டிராவல் இன்சூரன்ஸ் எடுக்காம போகாதீங்க.

இப்ப நான் அழுத கதை. பேங்க்ல 1,270 பவுண்டுக்கு சமமான தொகை, சுமாரா ஒன்றரை லட்சம் ரூபா, தொடர்ச்சியா 28 நாள் இருக்கணும், அந்த 28வது நாள் அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடி 31 நாளுக்குள்ள வரணும். நானும் கரெக்டா போட்டு வச்சேன், ஆனா நடுவுல இன்சூரன்ஸ் பிரீமியம் ஆட்டோ டெபிட் ஆகி ரெண்டே ரெண்டு நாள் பேலன்ஸ் கீழ இறங்கிடுச்சு, மூணாவது நாள் அப்பா போட்டுட்டாரு, நான் கவனிக்கவே இல்ல. ரிஜெக்ட். சர்சார்ஜ் திரும்பி வந்துச்சு, விசா ஃபீஸ் வரல, அந்த சிஓஎஸ்ஸும் செல்லாம போச்சு, சாரிட்டி எனக்காக மறுபடி ஒன்னு போட்டாங்க. அதுக்கப்புறம் தான் தெரிஞ்சுது, ஹோம் ஆபீஸ் குடுக்கற ஏ ரேட்டிங் உள்ள ஸ்பான்சரா இருந்தா உங்க முதல் மாச செலவுக்கு நாங்க பொறுப்புன்னு சிஓஎஸ்லயே டிக் பண்ணலாம், அப்படி பண்ணிட்டா பேங்க் ஸ்டேட்மெண்டே தேவையில்ல. ஒரே ஒரு மெயில்ல முடிஞ்சிருக்கற விஷயம்! அதனால நீங்க முதல்ல இத கேளுங்க, அவங்க முடியாதுன்னா தனி அக்கவுண்ட்ல, உங்க பேர்லயே, ரெண்டு லட்சமா போட்டு அத தொடாம விட்டுடுங்க, ஏன்னா பவுண்டு ரேட் ஏறினாலும் கணக்கு உதைக்கும். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இதுல எடுத்துக்க மாட்டாங்க.

ஆறு மாசத்துக்கு மேல போறவங்களுக்கு டிபி டெஸ்ட் கட்டாயம், அங்கீகரிச்ச கிளினிக்ல மட்டும், சென்னையிலயே இருக்கு. நம்ம தெரு லேப்ல எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சர்டிபிகேட் ஆறு மாசம் செல்லும். எக்ஸ்ரேல ஏதாவது நிழல் தெரிஞ்சா சளி டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, அதோட ரிசல்ட் வர ரெண்டு மாசம் கூட ஆகலாம், அதனால இத கடைசிக்கு தள்ளாதீங்க. இலங்கையில இருந்துக்கிட்டு அப்ளை பண்றவங்களுக்கும் இந்த டிபி டெஸ்ட் உண்டு. போலீஸ் கிளியரன்ஸ் விசாவுக்குன்னு கேக்கலைன்னாலும் குழந்தைங்க, முதியவங்க, மாற்றுத்திறனாளிங்க கூட வேலைன்னா சாரிட்டி கண்டிப்பா கேப்பாங்க, பாஸ்போர்ட் சேவா சைட்ல 500 ரூபா கட்டி வாங்கிடலாம். நீங்க பாஸ்போர்ட்ல இருக்கற முகவரியில இப்ப இல்லைன்னா போலீஸ் வெரிஃபிகேஷன் இழுக்கும், முன்னாடியே ஆரம்பிங்க.

சிஓஎஸ் போட்ட தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள அப்ளை பண்ணணும், வேலை ஆரம்பிக்கற தேதிக்கு மூணு மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணவும் முடியாது. ஆன்லைன்ல ஃபார்ம், அப்புறம் விசா அப்ளிகேஷன் வாங்கற விஎஃப்எஸ் சென்டருக்கு போய் கைரேகை போட்டோ, வழக்கமா மூணு வாரத்துல முடிவு வந்துடும். கடந்த 12 மாசத்துல இதே விசாலயோ மத ஊழியர் விசாலயோ அங்க இருந்தவங்க உடனே மறுபடி இதுக்கு அப்ளை பண்ண முடியாதுங்கறதையும் மறக்காதீங்க. முன்னாடி எந்த நாட்டுலயாவது ரிஜெக்ட் ஆகியிருந்தா ஃபார்ம்ல மறைக்கவே கூடாது. ரிஜெக்ட் ஆனது பெரிய பிரச்சனை இல்ல, எனக்கே ஆச்சு, ரெண்டாவது தடவ உண்மைய எழுதித்தான் வாங்கினேன். பொய் சொல்லி மாட்டினா பத்து வருஷம் வரைக்கும் தடை போட முடியும்.

ஜெர்மனி பத்தி சொல்லாம விட்டா தப்பு, ஏன்னா காசு கம்மியா இருக்கற பசங்களுக்கு நான் முதல்ல சொல்றது அதுதான். 2011ல அங்க கட்டாய ராணுவ சேவைய நிறுத்தினப்ப பதிலுக்கு கொண்டு வந்த அரசு வாலண்டியர் திட்டம் தான் புண்டஸ்ஃப்ரைவில்லிகன்டீன்ஸ்ட், சுருக்கமா பிஎஃப்டி. 27 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு எஃப்எஸ்ஜேன்னு இன்னொரு வாலண்டியர் திட்டம் அதுக்கு முன்னாடி இருந்தே இருக்கு. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், கிண்டர்கார்டன், மாற்றுத்திறனாளிகள் இல்லம், இப்படி இடங்கள்ல பெரும்பாலும் ஒரு வருஷம். இங்க சம்பளம் கிடையாது ஆனா பாக்கெட் மணி உண்டு, சட்டப்படி 2025ல மாசம் 644 யூரோ வரைக்கும் குடுக்கலாம்னு இருந்துச்சு, நெறைய இடத்துல அதவிட கம்மியா தான் குடுப்பாங்க. ஹெல்த் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் அந்த இல்லமே கட்டிடும், வருஷத்துக்கு 25 நாள் செமினார் வேற இருக்கு. விசா ஃபீஸ் 75 யூரோ தான். நான் போனப்ப இது தெரிஞ்சிருந்தா ரெண்டையும் தட்டுல வச்சு பாத்திருப்பேன்.

ஆனா அங்க விலை பாஷை. ஜெர்மன் பாஷையில ஏ2 லெவலாவது வேணும், அதுக்கு அடுத்த பி1 லெவல் இருந்தா இடம் கிடைக்கறது சுலபம், அதனால மேக்ஸ் முல்லர் பவன்லயோ வேற எங்கயோ முதல்ல படிச்சிட்டு தான் இடம் தேட ஆரம்பிக்கணும், முழுசா ஒரு வருஷம் ஆகும்னு வச்சுக்கோங்க. ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்ததும் அதுல தங்கற இடம், சாப்பாடு, பாக்கெட் மணி மூணும் எழுத்துல இருக்கான்னு பாருங்க, ஏன்னா அங்க உங்க செலவ எப்படி சமாளிப்பீங்கன்னு விசா ஆபீஸ் அத வச்சுத்தான் பாக்கும். ரூம் நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்ற இடம்னா பெரிய ஊர்ல அந்த பாக்கெட் மணி வாடகைக்கே பத்தாது. எதுக்கு ஜெர்மனி, எதுக்கு இந்த இல்லம்னு ஒரு கடிதம் எழுதி வைக்கணும், அத ஏஐகிட்ட குடுத்து எழுதி வாங்காதீங்க, இன்டர்வியூல அதுல இருந்து தான் கேள்வி வரும். உங்க பாட்டிய கடைசி ரெண்டு வருஷம் நீங்க பாத்துக்கிட்டீங்கன்னா அத எழுதுங்க.

ஒரு விஷயம் மட்டும் விசாவ தாண்டி சொல்லிக்கறேன். அனாதை இல்லத்துல குழந்தைங்களோட ரெண்டு வாரம்னு காசு வாங்கிட்டு கூட்டிட்டு போற ப்ரோக்ராம்ல சேராதீங்க. வர்ற வெளிநாட்டுக்காரங்க குடுக்கற காசுக்காகவே அம்மா அப்பா இருக்கற குழந்தைங்கள கொண்டு வந்து வச்சிருக்கற இடங்கள் நேபாளம், கம்போடியா மாதிரி நாடுகள்ல பிடிபட்டிருக்கு, 2019ல ஐநா பொதுச்சபையே இதுக்கு எதிரா தீர்மானம் போட்டுச்சு. உங்ககிட்ட போலீஸ் கிளியரன்ஸ் கூட கேக்காம குழந்தைங்ககிட்ட விடற இடம் எதுவா இருந்தாலும் அது சரியான இடம் கிடையாது. நல்ல அமைப்பு கேள்வி மேல கேள்வி கேக்கும், விசாவும் சரியானத எடுத்துட்டு வான்னு தான் சொல்லும். "டூரிஸ்ட்னு சொல்லிட்டு வந்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு மெயில் வந்தா அந்த மெயிலோட பேச்ச முடிச்சுக்கோங்க, ஏன்னா பார்டர்ல உங்க போன வாங்கி பாத்தா அந்த மெயில் தான் முதல்ல கண்ணுல படும்.

ஏர்போர்ட்ல ஆபீசர் கேட்டா நேரா சொல்லுங்க, இந்த சாரிட்டி, இந்த ஊரு, இத்தன மாசம், சம்பளம் இல்ல, தங்கறது இங்க. சாரிட்டியோட லெட்டர், அவங்க போன் நம்பர், ரெண்டும் பிரிண்ட் எடுத்து ஹேண்ட் பேக்ல வைங்க, போன்ல சார்ஜ் இல்லாம போனா என்ன பண்ணுவீங்க. இங்கிலாந்துல இப்ப பிளாஸ்டிக் கார்டு கிடையாது, 2024 டிசம்பரோட அது முடிஞ்சு போச்சு, எல்லாம் ஈவிசா தான், அதனால பிரிட்டிஷ் விசா துறையோட ஆன்லைன் அக்கவுண்ட் (யூகேவிஐ அக்கவுண்ட்) திறந்து உங்க பாஸ்போர்ட் நம்பர் சரியா லிங்க் ஆகியிருக்கான்னு இங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. சர்சார்ஜ் கட்டியிருந்தீங்கன்னா போன முதல் வாரமே பக்கத்துல இருக்கற டாக்டர் கிளினிக்ல (அங்க அதுக்கு பேரு சர்ஜரி) பேர் பதிஞ்சுக்கோங்க, ஜுரம் வந்தப்புறம் ஓடாதீங்க. ஜெர்மனின்னா ரெண்டு வாரத்துக்குள்ள வீட்டு முகவரிய ரெஜிஸ்டர் பண்ணணும், அந்த பேப்பர் இல்லாம அடுத்த காரியம் எதுவும் நகராது.

ரிட்டர்ன் டிக்கெட்ட வேலை முடியற தேதிக்கு போடாதீங்க, மொத்தம் 12 மாசத்த தாண்டாம, வேலை முடிஞ்சப்புறம் அந்த 14 நாள் உங்க விசால இருந்தா, அதுல ஒரு பத்து நாள் எடுத்துக்கோங்க. நான் இருந்த இல்லத்துல எனக்கு கடைசி நாள் வரைக்கும் டியூட்டி போட்டிருந்தாங்க, மறுநாள் காலையில ஃப்ளைட், ஒரு வருஷம் தினமும் காலையில டீ போட்டு குடுத்த ஒருத்தர்கிட்ட போயிட்டு வரேன்னு ஒழுங்கா சொல்லக் கூட நேரமில்லாம கிளம்பி வந்தேன்.